ஹைட்டமா வீட்டுக் கரண்டி

அந்தப் பெண் பொறியாளர், மோட்டாரைக் கிளப்புகிற ஸ்டார்ட்டர் தொட்டியின் மூடியைத் தூக்கிச் சுவரில் சாய்த்து வைத்தபோது, யாரோ தன் வீட்டுக் கதவை உதைத்துத் திறந்தது போலிருந்தது ஹெசல் ஹைட்டமாவுக்கு. அவர் தொப்பியைக் கழற்றாமல் நின்றார். பம்பு நிலையத்துக்குள் நுழையும்போதே தொப்பி கைக்கு வந்துவிடுவது வாழ்நாள் பழக்கம். இன்று வேண்டுமென்றே தலையில் வைத்திருந்தார். ஜன்னலோரம் கைகட்டி நிற்கிற நீர் வாரியத்துக்காரர்கள் பார்க்கட்டும், தான் விருந்தாளியாக வரவில்லை என்று தெரிந்துகொள்ளட்டும்.

வாரியத் தலைவர் டெர்ப்ஸ்ட்ராவும் அவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அறுபது வருடம் கழித்து அந்த ஆள், ஹெசலின் மகன் வீப்ரன் குடித்துவிட்டுப் பம்பு மோட்டாரின் சக்கரத்தைப் பிடித்தான் என்று உருளைக்கிழங்கு வயல் வைத்திருக்கிற ஒவ்வொருவனிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறான். நேருக்கு நேர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஹெசல் அவன் சட்டையைப் பிடித்திருப்பார். கடைக்காரன் மிச்சச் சில்லறையைத் தந்துவிட்டு, "வீப்ரன் எப்படி இருக்கான், தேறிட்டானா?" என்று விசாரிக்கிறபோதுதான் ஊருக்குள் என்ன ஓடுகிறது என்று அவருக்குத் தெரிந்தது. தேறுவதற்கு அவனுக்கு என்ன காய்ச்சலா வந்தது?

அந்த ஊர் வயல்கள் கடலைவிடத் தாழ்ந்தவை. விழுகிற மழை தானாக எங்கும் ஓடாது. பம்பு தூக்கிக் கால்வாயில் கொட்டினால்தான் உண்டு. பம்பை ஓட்டுகிற மோட்டார் ஒரு மாட்டுக் கொட்டிலை அடைத்துக்கொள்ளும் அளவு பெரியது. அதை ஒரே அடியில் முழு வேகத்துக்குக் கொண்டுபோக முடியாது. சலவைச் சோடா உப்பு கரைத்த தண்ணீர் நிறைந்த இரும்புத் தொட்டிக்குள் மூன்று தகடுகளைக் கைச்சக்கரத்தைச் சுற்றி மெல்ல இறக்க வேண்டும். தகடு இறங்க இறங்க மோட்டார் வேகம் பிடிக்கும். கை அவசரப்பட்டால் மின்சாரம் எகிறி, இணைப்பைத் துண்டிக்கிற பிரேக்கர் விழுந்துவிடும். நிலையம் மின்சாரத்துக்கு மாறிய நாளிலிருந்து அந்தச் சக்கரத்தில் ஹைட்டமா வீட்டுக் கை தவிர வேறு கை பட்டதில்லை. ஹெசலின் தாத்தா, அப்பா, பிறகு ஹெசல், இப்போது வீப்ரன். மோட்டாருக்குக் கோபம் வராமல் எழுப்பத் தெரிந்த கை என்று ஊரில் சொல்வார்கள். மூன்று வாரத்துக்கு முன்புவரை சொன்னார்கள்.

மூன்று வாரத்துக்கு முன்புதான் திறப்பு நாள். ஒவ்வொரு செப்டம்பரிலும் மழைக்காலம் தொடங்கும்போது நிலையத்தில் ஊர் கூடும். காபி, மேலே இளஞ்சிவப்புச் சர்க்கரை பூசிய கேக், பீப்பாயில் பியர். பிறகு ஹைட்டமா குடும்பத்தில் மூத்தவர் செப்புக் கரண்டி நிறையச் சோடா அள்ளித் தொட்டியில் போடுவார். மளிகைக்கடையில் பருப்பு அள்ளுகிற மாதிரிப் பெரிய கரண்டி. கைப்பிடியில் குடும்பப் பெயர் பொறித்திருக்கும். முதன்முதலில் தொட்டியை நிரப்பிய அன்று, ஸ்டார்ட்டரைப் பொருத்த வந்த வெளியூர்க்காரர் முதல் கரண்டியைத் தாத்தாவின் கையில் கொடுத்தாராம். அன்று தொடங்கிய வழக்கம். கரண்டி கவிழ்ந்ததும் எல்லோரும் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டலுக்குள் நிற்கும்போது ஹெசலின் முதுகு இன்னும் ஒரு விரற்கடை நிமிரும். இந்த வருடம் நிலையத்துக்குத் தொண்ணூறு. அதனால் அவர் இரண்டு கரண்டி போட்டார். கைதட்டலும் அதற்குத் தக்கபடி இருந்தது.

கேக் தட்டுகள் காலியாகுமுன் வானம் கிழிந்து ஊற்றியது. வாய்க்கால்கள் விளிம்பைத் தொட்டன. ஊரே பார்த்துக்கொண்டிருக்க வீப்ரன் சக்கரத்தைப் பிடித்தான். பிரேக்கர் விழுந்தது. மறுபடி முயன்றான், இன்னும் சீக்கிரம் விழுந்தது. மூன்றாவது முறை மோட்டாருக்குள் நீலமாக ஒரு தீ பளிச்சிட்டு, ரப்பர் எரிந்த நாற்றம் கூடத்தை நிறைத்தது. வாடகைப் பம்புகள் வந்து சேர்வதற்குள் விதை உருளைக்கிழங்கு வயல்கள் குளமாகிவிட்டன. கிழங்கெல்லாம் மண்ணுக்குள்ளேயே அழுகியது.

வெளியே ஹெசல் மகனுக்காகச் சண்டை போட்டார். வீட்டுக்குள் மகனோடு சண்டை போட்டார். என்ன நடந்தது, வாயைத் திறந்து சொல் என்று எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தார். அவன் காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, "விழுந்துடுச்சுப்பா, அவ்வளவுதான்" என்றான். வாரியம் விசாரித்தபோதும் அதே பதில். குற்றமில்லாதவன் இப்படித் தலையைக் குனிவானா? அவருக்கே சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்ததற்காகத் தன் மீதே ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தையும் சேர்த்து மகன் மீது கொட்டினார். கடைசி ஒரு வாரமாக இருவருக்கும் பேச்சில்லை.

இன்று தீர்ப்பு நாள் மாதிரி. வாரியம் க்ரோனிங்கன் நகரத்திலிருந்து பழைய ஸ்டார்ட்டர்களைப் பார்க்கத் தெரிந்த பொறியாளரை வரவழைத்திருந்தது. மார்லூஸ் என்று பெயர், நாற்பது வயதிருக்கும். வந்ததும் மெயின் சுவிட்சை இறக்கி, ஒரு சிவப்புப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்டாள். பழுது ஹைட்டமா கையில்தான் என்று அவள் சொன்னால், சக்கரத்தைக் கழற்றிவிட்டு எங்கோ ஒரு ஊரில் உட்கார்ந்து பொத்தானை அழுத்துகிற கம்பெனியிடம் நிலையத்தைக் கொடுத்துவிடுவது என்று டெர்ப்ஸ்ட்ரா ஏற்கெனவே பேசி வைத்திருந்தான். வீப்ரன் சக்கரத்தின் பக்கத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

அவள் வேலை செய்கிற விதத்தில் குறை கண்டுபிடிக்க ஹெசல் எவ்வளவோ பார்த்தார். கிடைக்கவில்லை. மின்சாரம் எல்லை மீறினால் பிரேக்கரைத் தட்டிவிடுகிற ரிலேயை முதலில் பார்த்தாள். அது எண்ணெய்க் கிண்ணத்தில் மிதக்கும் ஒரு தண்டு. எண்ணெயை விரலில் தொட்டுத் தேய்த்து, தண்டை மேலே இழுத்துவிட்டு அது இறங்குகிற வேகத்தைக் கவனித்தாள். சரியாக இருந்தது. மின்சாரம் தொட்டுக் கடக்கிற காண்டாக்ட் முனைகளில் பள்ளங்கள் இருந்தன, ஆனால் முறையாக அரம் போட்டு வைத்திருந்தார்கள். தகடுகள் முழுதும் மேலே வராமல் பிரேக்கர் சேராதபடி ஒரு தடுப்பு உண்டு. அதுவும் ஒழுங்காகத் தடுத்தது. மோட்டாரின் செப்பு வளையங்களில் கரி படிந்திருந்த இடத்தை விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இது பழுதால் வந்த புண், பழுது வேறெங்கோ இருக்கிறது என்றாள்.

"எங்க தாத்தா வயசு இதுக்கு," என்று தொட்டியைத் தட்டினாள். "ஆனா அவரவிட ஒழுங்கா ஒத்துழைக்குது. ரொம்பச் சுத்தமா வச்சிருக்கீங்க."

யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று தெரியவில்லை. ஹெசல் தமக்கு என்று எடுத்துக்கொண்டார்.

பிறகு வீப்ரனைச் சக்கரத்தைச் சுற்றச் சொன்னாள். அன்றைக்குச் சுற்றின மாதிரியே, மின்சாரம் இல்லாமல், சும்மா. அவன் சுற்றினான். முதல் சுற்று நத்தை மாதிரி. மோட்டார் உறுமி எழ வேண்டிய இடத்தில் ஒரு நிறுத்தம், காதைக் கொஞ்சம் சாய்த்து, இல்லாத உறுமலைக் கேட்கிற மாதிரி. பிறகு அடுத்த சுற்று. ஹெசலின் அப்பாவும் அந்த இடத்தில் காதைச் சாய்ப்பார். மார்லூஸ் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல மெதுவா யாராலயும் இறக்க முடியாது. கைல தப்பில்ல," என்றாள்.

ஹெசல் மெதுவாக டெர்ப்ஸ்ட்ரா பக்கம் திரும்பினார்.

"இன்னிக்குப் பீப்பாய் இல்லையே," என்றான் டெர்ப்ஸ்ட்ரா. "பீப்பாய் இல்லாத நாள்ல எல்லாக் கையும் நல்ல கைதான்."

"உன் வாய்க்குத்தான்டா பீப்பாயே வேண்டாம். அது சும்மாவே வழியும்," என்றார் ஹெசல். வாரியத்துக்காரர் ஒருவர் இருமலுக்குள் சிரிப்பை ஒளித்தார். மார்லூஸ் யாரையும் பார்க்கவில்லை. ஒரு கண்ணாடி ஜாடியில் தொட்டித் தண்ணீரை மொண்டு, அதற்குள் இரண்டு சின்னத் தகடுகளை இறக்கி, மீட்டரைப் பொருத்திக்கொண்டிருந்தாள். முள் நகர்ந்த தூரத்தைப் பார்த்ததும் அவள் புருவம் ஏறியது. தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு மூலையிலிருந்து மொண்டு மறுபடி அளந்தாள். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்த உப்பை நகத்தால் சுரண்டினாள்.

"இதுக்கு யார் சோடா போடறது?"

பதிலுக்குக் காத்திராமல், மழைநீர் வேண்டும் என்று சொல்லிவிட்டு அவளே வாளியை எடுத்துக்கொண்டு பின்பக்கப் பீப்பாய்க்குப் போனாள். திரும்பி வந்து ஜாடியில் கொஞ்சம் கொஞ்சமாக மழைநீரைச் சேர்த்தாள். பாதிக்கு மேல் மழைநீர் சேர்ந்த பிறகுதான் முள் அவள் நினைத்த இடத்துக்கு வந்தது. அப்புறம் எல்லோருக்கும் புரிகிற மாதிரி விளக்கினாள். சோடா கூடினால் தண்ணீர் மின்சாரத்தைத் தடுக்காது. தகடு நுனி நனைந்தாலே போதும், வெள்ளம் மாதிரிப் பாயும். சூடேறினால் இன்னும் மோசம்; அதனால்தான் இரண்டாவது தடவை முன்னைவிடச் சீக்கிரம் விழுந்தது. தண்ணீர் ஆவியாகிப் போகும், சோடா எங்கும் போகாது. ஒரு தடவை அளந்து போட்டால் பிறகு வெறும் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். வருடா வருடம் யாராவது சோடா போட்டால் இதுதான் நடக்கும்.

"முன்னால எல்லாம் தொட்டி ஒழுகிச்சா?" என்று கேட்டாள். "கீழ்த் தையல்ல பத்தவச்ச தழும்பு இருக்கே."

ஒழுகியது. ஹெசல் காலம் முழுக்கச் சொட்டியது. சொட்டின சோடாத் தண்ணீருக்குப் பதிலாக அவர் வெறும் தண்ணீர் ஊற்றி ஊற்றிச் சமாளித்தார். ஓய்வு பெறும்போது ஒழுகுகிற தொட்டியை மகன் கையில் கொடுப்பது கேவலம் என்று, வாரியத்தைக் கேட்காமல் தன் செலவிலேயே பற்றவைத்துக் கொடுத்தார். பதினைந்து வருடம் இருக்கும். அன்றிலிருந்து கரண்டியில் போட்டது எதுவும் வெளியே போக வழியில்லை என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"அப்பவும் கணக்கு உதைக்குது," என்றாள் மார்லூஸ். "தழும்பு பழசு. அவ்வளவு வருஷமா சோடா உள்ளேயே சேர்ந்திருந்தா இது எப்பவோ விழுந்திருக்கணும். யாரோ அப்பப்ப வெளியே எடுத்திருக்காங்க." அவள் வீப்ரனைப் பார்த்தாள். "பின்னால மழைநீர்ப் பீப்பாய்க்குப் பக்கத்துல புல்லே இல்லாம ஒரு திட்டு இருக்கே. அது என்ன?"

"மாடு நின்ன இடம்," என்றான் வீப்ரன். பிறகு ஒரு மூச்சு விட்டு, யாரும் கேட்காமலே, தட்டையான குரலில் சொன்னான்: "திறப்பு முடிஞ்சதும் நான்தான் ஒரு மூட்டை சோடா கொட்டினேன். தண்ணி வெளுத்த மாதிரி தெரிஞ்சுது. யோசிக்காம கொட்டிட்டேன். தப்பு என்னோடது."

டெர்ப்ஸ்ட்ரா கைக்கட்டை அவிழ்த்தான். அவன் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்க்க ஹெசலுக்குச் சகிக்கவில்லை. ஆனால் அவர் கண் அங்கே நிற்கவில்லை. மாடு நின்ற இடம்! அந்த நிலத்தில் எந்தக் காலத்தில் மாடு நின்றது? அந்தத் திட்டை அவருக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு வசந்தத்திலும் அதைக் காட்டி மகனைத் திட்டியிருக்கிறார். நிலையத்தைச் சுற்றிப் புல் ராஜாங்கமாக இருக்க, ஹைட்டமா வீட்டுக்காரன் பார்வையில் ஒரு சொட்டைத் தலையா என்று. இரண்டு தடவை அவரே விதை வாங்கித் தூவியிருக்கிறார். விதை முளைக்கவில்லை. சாலையில் உப்புப் போடுகிறவர்களைச் சபித்தார், நாய்களைச் சபித்தார். மகன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அவர் யாரிடமும் சொல்லாமல் பின்கதவு வழியாக வெளியே போனார். திட்டு அங்கேதான் இருந்தது. இரண்டு ஆள் படுக்கிற அகலம், விளிம்பு சாம்பல் நிறம். குனிய முடியவில்லை; ஒரு முழங்காலை ஊன்றி, ஒரு சிட்டிகை மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்தார். சோப்பின் வழவழப்பும் கசப்பும். தொட்டியைக் கழுவிய நாளெல்லாம் உதட்டில் ஒட்டியிருந்த அதே ருசி.

மண்ணைத் துப்பவில்லை. எழுந்தார். முதலில் வந்தது வெட்கம் என்றுதான் அவர் பிறகு நினைத்துக்கொள்ள விரும்பியிருப்பார். உண்மையில் வந்தது கோபம். இத்தனை வருடமாக, கைதட்டி முடித்து ஊர் கலைந்த பிறகு, இவன் ஒரு வாளியோடு வந்து, அவர் போட்டதை மொண்டு இங்கே கொட்டியிருக்கிறான். கோவிலில் பெரியவர் வைத்த படையலை அவர் போன பிறகு குப்பைக்குத் தள்ளுகிற மாதிரி. அவர் நிமிர்ந்த முதுகோடு வீட்டுக்கு நடந்துகொண்டிருந்த அதே நேரத்தில். இந்த வருடம் மழை அவனுக்கு அந்த அவகாசத்தைக் கொடுக்கவில்லை. ஊரே பார்க்க வாளியை எடுத்திருந்தால் எல்லோருக்கும் விளங்கியிருக்கும். அவன் வாளியை எடுக்கவில்லை. விழும் என்று தெரிந்தே சக்கரத்தைப் பிடித்தான்.

உள்ளே டெர்ப்ஸ்ட்ரா ஏதோ நீளமாகப் பேசிக்கொண்டிருந்தான். மாற்றம் தவிர்க்க முடியாதது, யார் மீதும் தனிப்பட்ட வருத்தம் இல்லை, இத்தியாதி. ஹெசல் நேராக மகன் முன்னால் போய் நின்றார்.

"மூட்டை எங்க?"

"என்னப்பா?"

"ஒரு மூட்டை கொட்டினியே. வெறும் சாக்கு எங்கே? காட்டு."

வீப்ரன் தரையைப் பார்த்தான்.

"என்னைக் காப்பாத்தச் சொல்லி உன்கிட்ட யார் கேட்டா?" குரல் இரும்புக் கூரையில் மோதித் திரும்பியது. "பதினஞ்சு வருஷமா ஊரு நடுவுல என்னைப் பொம்மையாட்டம் ஆட விட்டிருக்க. சொல்ல வாயில்ல? அப்பா, போடாதீங்கன்னு ஒரு வார்த்தை?"

வீப்ரன் தலையை நிமிர்த்தினான். மூன்று வாரத்தில் முதல் முறையாக அவன் கண்ணிலும் கோபம் இருந்தது. அது அவருடைய கோபத்துக்குச் சொந்தக்காரக் கோபம்தான், அச்சு அசல்.

"அந்த ஒரு நாளுக்காகத்தான் நீங்க வருஷம் பூராவும் இருந்தீங்க," என்றான். "எப்படிச் சொல்லச் சொல்றீங்க?"

ஹெசல் வாரியத்துக்காரர்களைப் பார்த்துத் திரும்பி, தொப்பியைக் கழற்றினார். மரியாதைக்கு என்று அவர்கள் நினைத்திருக்கலாம். அவர் அதை டெர்ப்ஸ்ட்ரா கையில் திணித்தார், கோட் மாட்டுகிற ஆணியில் மாட்டுகிற மாதிரி. டெர்ப்ஸ்ட்ராவும் வாங்கிக்கொண்டான்.

"எங்க வீட்டுப் பையன் இப்பச் சொன்னது பொய். இவன் சொன்ன முதல் பொய், எனக்குத் தெரிஞ்சு. மூட்டையும் இல்ல, பியரும் இல்ல. போட்டது நான். இந்த வருஷம் ரெண்டு கரண்டி. போன வருஷம் ஒண்ணு, அதுக்கு முந்தின வருஷம் ஒண்ணு." அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "நீங்க எல்லாரும் கைதட்டினீங்க. நீயும் தட்டின, டெர்ப்ஸ்ட்ரா. எல்லாரையும்விடச் சத்தமா."

"ஹெசல், இதை இப்ப..." என்று ஆரம்பித்தான் டெர்ப்ஸ்ட்ரா.

"தொப்பியக் கசக்காத."

சுவரில், நிலையத்தின் பெயர் பொறித்த பித்தளைத் தகட்டுக்குக் கீழே, செப்புக் கரண்டி தன் கொக்கியில் தொங்கியது. திறப்பு நாள் தவிர அதை யாரும் தொடுவதில்லை. ஹெசல் அதை எடுத்தார். தொட்டியின் அருகே போய், மெயின் சுவிட்சில் தொங்கிய சிவப்புப் பூட்டை ஒரு தடவை பார்த்தார். மார்லூஸ் சரி என்று தலையை அசைத்தாள். அவர் கரண்டியைக் கலங்கிய தண்ணீருக்குள் முழங்கை வரை இறக்கி மொண்டார். இரண்டு கைகளாலும் ஏந்தியபடி, விறைத்த முதுகோடு, திறப்பு நாளில் நடக்கிற அதே நடையில், பின்கதவுக்கு நடந்தார். வழியெல்லாம் சொட்டியது. திட்டில் கொட்டிவிட்டுத் திரும்பி வந்தார். மறுபடி மொண்டார்.

ஒரு குளியல் தொட்டியை விடப் பெரிய தொட்டி அது. இப்படி மொண்டால் மாலை ஆனாலும் பாதி குறையாது. அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரியும். மார்லூஸ் தன் வண்டியில் ஒரு சின்ன பம்பு இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கருவிகளைத் துடைக்க ஆரம்பித்தாள். வாரியத்துக்காரர்களில் ஒருவர் வெளியேறினார், பிறகு இன்னொருவர். டெர்ப்ஸ்ட்ரா மட்டும் தொப்பியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

அவருடைய ஞாயிற்றுக்கிழமைக் காலணியின் நுனி வெளுத்துவிட்டிருந்தது. ஐந்தாவதோ ஆறாவதோ நடையில், வீப்ரன் வாளியோடு தொட்டியருகே வந்தான்.

"வாளிய வை," என்றார் ஹெசல், அவனைப் பார்க்காமல்.

அவன் வைக்கவில்லை. வாளி தண்ணீருக்குள் இறங்குகிற சத்தம் கேட்டது. ஹெசல் கரண்டியோடு நடந்துகொண்டே இருந்தார். வெளியே தூறல் பிடித்திருந்தது. அவர் ஊற்றியது திட்டின் நடுவில் கொஞ்ச நேரம் பால் மாதிரி நின்று, பிறகு உள்ளே இறங்கியது. அதற்குள் பின்னாலிருந்து வாளித் தண்ணீர் வந்து விழுந்து, வெளுப்பு அகன்று அகன்று போய், விளிம்பில் இன்னும் பச்சையாக நின்ற புற்களைத் தொட்டது.